தார்ப்பாய் எதைத் தாங்கும், எதைத் தேக்கி வைக்கும்?

"ஆசிட் ஊத்தினாலும் ஒண்ணும் ஆவாதுங்க." லாரித் தார்ப்பாய் விற்கிற கடைகளில் இப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் ரசாயனம் பட்டால் தார்ப்பாய் கெடுமா என்பது லாரிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. ரசாயனம் பட்ட தார்ப்பாய் என் நெல்லைக் கெடுக்குமா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. பல நேரம் பதில்கள் எதிரெதிராகத்தான் வருகின்றன. அதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம்.

நான் வேங்கிக்கால்காரன். ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் பலருக்கும் இந்த ஊர்ப்பெயர் தெரிந்திருக்கும். வேலூர் சாலையில் இரவும் பகலும் லாரிகள் போகும். நெல், கரும்பு, மல்லாட்டை, உரம், சிமெண்டு, பூச்சிக்கொல்லிப் பெட்டி என்று எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி நீலத்திலோ கறுப்பிலோ ஒரு படுதாவைப் போர்த்திக்கொண்டுதான் போகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே நின்று பார்த்தால் தெரியாது. நேற்று என்ன இருந்தது என்பது உள்ளே ஏறிப் பார்த்தாலும் தெரியாது.

நம்மில் பலர் விதை முதல் அறுவடை வரை கண்ணும் கருத்துமாக இருக்கிறோம். பக்கத்து வயலில் விஷம் தெளித்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறோம். (கூட்டங்களில் யாராவது "மருந்து" என்று சொன்னால் திருத்துகிறோம். நானும் திருத்துகிறவன்தான்.) அப்படி வளர்த்த விளைச்சலைக் களத்தில் எதன்மேல் கொட்டுகிறோம், வண்டியில் எதை வைத்து மூடுகிறோம் என்பதில் அதே கவனம் இருப்பதில்லை.

மூன்று வகைத் தார்ப்பாய்

பழைய காலத்துத் தார்ப்பாய் பருத்தித் துணி. பாய்மரக் கப்பல்காரர்கள் துணியில் தார் பூசி மழைக்குப் போர்த்தினார்கள். அந்தத் தாரிலிருந்துதான் ஆங்கிலப் பெயரும் வந்தது, நம் தார்ப்பாயும் வந்தது. இப்போது பருத்திக் கான்வாஸில் மெழுகும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தாமிர உப்பு போன்றவையும் ஏற்றுகிறார்கள். பருத்திக்கு அமிலம் ஆகாது. பேட்டரி அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் மறுவாரம் பொத்தலாகும். சோடா, சுண்ணாம்பு மாதிரி காரத்தை ஓரளவு தாங்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். ஆனால் அதற்குக் காற்று விடும் குணம் உண்டு. சூடான தானியத்தின் மேல் போட்டால் வியர்க்காது.

இரண்டாவது, இன்று எல்லா வீட்டிலும் இருக்கிற பிளாஸ்டிக் தார்ப்பாய். ஹெச்.டி.பி.இ. எனப்படும் பாலிஎத்திலீன் நாடாவை நெய்து, இரண்டு பக்கமும் மெல்லிய பாலிஎத்திலீன் ஏடு ஒட்டியது. இதற்கென்று ஐ.எஸ். 7903 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. பல ஏடுகளை ஒட்டிச் செய்யும் சில்பாலினும் பாலிஎத்திலீன் குடும்பம்தான். அமிலம், காரம், உப்பு, யூரியா, கோமியம், ஜீவாமிர்தம் எதுவும் இதை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் சொன்ன "ஒண்ணும் ஆவாது" இதற்குத்தான் சரியாகப் பொருந்தும்.

மூன்றாவது, பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசிய கனமான லாரிப் படுதா. விளம்பரப் பேனருக்கான பிளெக்ஸும் இதே வகை, தரம் மட்டும் குறைவு. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். அதைத் துணிபோல மடங்க வைக்க எண்ணெய் மாதிரியான ஒரு பொருளைக் கலக்கிறார்கள். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அது இருக்கலாம். தாலேட் என்னும் வகைதான் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது பி.வி.சி.யோடு கட்டிப்போட்டதுபோல் ஒட்டியிருப்பதில்லை. நடுவில் புகுந்து நிற்கிறது, அவ்வளவுதான். வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். எண்ணெய்ப்பசை உள்ள பொருள் மேலே பட்டால் அதில் போய்ச் சேரும். பழைய பிளெக்ஸ் அட்டை மாதிரி விறைத்து வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணெண்ணெயோ டீசலோ பட்டால் இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

ஊரில் யார் வீட்டு விசேஷம் முடிந்தாலும் அந்த பிளெக்ஸை வாங்கி வந்து மல்லாட்டைப் பருப்பு காயப்போடுகிறோம். சும்மா கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் நமக்கு ஒரு நன்மையும் கிடையாது. மேலே அச்சு மை, உள்ளே தாலேட், அதன்மேல் பாதிக்குப் பாதி எண்ணெய் உள்ள பருப்பு, உச்சி வெயில். வேண்டவே வேண்டாம். விறகுக்குப் போர்த்துங்கள், போதும்.

கெடாத பொருளுக்குள் ஒளிந்திருப்பது

இப்போது பாலிஎத்திலீனுக்கு வருவோம், நாம் அதிகம் நம்புவது இதைத்தான். தண்ணீரில் கரைகிற எதையும் பாலிஎத்திலீன் உள்ளே விடாது. யூரியாத் தூள், பொட்டாஷ் எல்லாம் மேலோடு நிற்கும், கழுவினால் போய்விடும். எண்ணெயில் கரைகிற பொருள்களின் கதை வேறு. பாலிஎத்திலீனே பெட்ரோலிய வழி வந்த பொருள்; தன் இனத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். மஞ்சள்தூள் போட்ட எண்ணெய்க் குழம்பை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிட்டு எத்தனை முறை தேய்த்தாலும் மஞ்சள் போவதில்லை. டப்பா கெட்டுப்போகவில்லை. ஆனால் குழம்பு டப்பாவுக்குள் போய்விட்டது.

பூச்சிக்கொல்லிகளில் நிறைய எண்ணெயில் கரைகிறவை. பாட்டிலில் "இ.சி." என்று போட்டிருப்பவை எல்லாம் சைலீன் போன்ற கரைப்பானில் கரைத்து, தண்ணீரில் பால்போல் கலக்கும்படி செய்தவை. தார்ப்பாயின்மேல் அது ஒழுகினால் கரைப்பான் பிளாஸ்டிக்கை லேசாக உப்ப வைத்து, நஞ்சையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். கரைப்பான் ஆவியாகிப் போகும். நஞ்சு தங்கும். பிறகு வெயிலில் சூடு ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

இது என் ஊகம் இல்லை. ஆறு, கடல் நீரில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் நஞ்சை அளக்க ஆராய்ச்சியாளர்கள் பாலிஎத்திலீன் ஏட்டுத் துண்டுகளையே தண்ணீரில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சில வாரம் கழித்து எடுத்தால், தண்ணீரில் இருந்த பூச்சிக்கொல்லியை எல்லாம் அந்தத் துண்டு சேர்த்து வைத்திருக்கும். அதைப் பிழிந்து அளக்கிறார்கள். நாம் மூட்டைமேல் போர்த்துவதும் அதே பொருள்தான்.

இன்னொரு சான்று அமெரிக்க ஸ்ட்ராபெரி வயல்களிலிருந்து. மண்ணில் மீத்தைல் புரோமைடு வாயுவைச் செலுத்தி, வெளியே போகாமல் இருக்க பாலிஎத்திலீன் விரிப்பால் மூடினார்கள். வாயு விரிப்பின் ஊடாகவே கசிந்து காற்றில் கலந்தது. ஓட்டை எதுவும் இல்லை. பிளாஸ்டிக்குக்குள் கரைந்து மறுபக்கம் வெளியேறியது. பிறகுதான் நடுவில் வேறு வகை ஏடு வைத்த விரிப்புகள் வந்தன. அந்த வாயுவே ஓசோன் படலத்துக்குக் கேடு என்று மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி விலக்கப்பட்டது.

ஆக, ரசாயனத்தைத் தாங்கும் தார்ப்பாய் என்றால் ரசாயனத்தால் சாகாத தார்ப்பாய் என்று பொருள். பத்து வருடம் உழைக்கும். அந்தப் பத்து வருடமும் தன்மேல் பட்டதைச் சுமந்துகொண்டே உழைக்கும்.

பத்துச் சொட்டுக் கணக்கு

"இத்தனூண்டு பட்டா இன்னா ஆயிடப்போவுது?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. கையில் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

தனி அளவு நிர்ணயிக்காத பூச்சிக்கொல்லிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு லாரி லோடு 10 டன், அதாவது 10,000 கிலோ. 10,000 கிலோவை 0.01 ஆல் பெருக்கினால் 100 மில்லிகிராம். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. 20 இ.சி. என்று விற்கும் பூச்சிக்கொல்லியில் லிட்டருக்குத் தோராயமாக 200 கிராம் நஞ்சு. அப்படியானால் 100 மில்லிகிராம் நஞ்சு அரை மில்லியில் இருக்கிறது. அரை மில்லி என்றால் சுமார் பத்துச் சொட்டு.

பத்துச் சொட்டு லோடு முழுக்கச் சீராகப் பரவினாலே வரம்பைத் தொட்டுவிடும். நிஜத்தில் சீராகப் பரவாது. கறை பட்ட இடத்துக்கு நேர் கீழே இருக்கும் நாலு மூட்டை மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். பரிசோதனைக்குச் சாம்பிள் எடுப்பவர் எந்த மூட்டையில் கையை விடுவார் என்று நமக்குத் தெரியாது. ஐந்து வருடம் பட்ட பாடு அந்தக் கையில் இருக்கிறது.

பொருளைப் பொறுத்தும் மாறும். நெல்லுக்கு உமி ஒரு கவசம். மல்லாட்டையைக் காயாக அனுப்பினால் தோடு கொஞ்சம் காப்பாற்றும். பருப்பாக உடைத்து அனுப்பும்போதுதான் ஆபத்து அதிகம். எண்ணெய்ப் பருப்பு எண்ணெயில் கரையும் நஞ்சை இழுக்கும். எள்ளும் அப்படித்தான். தீட்டிய அரிசிக்கும் கவசம் கிடையாது.

1958இல் நடந்தது

கேரளத்தில் 1958ஆம் ஆண்டு கோதுமை மாவில் செய்த பலகாரம் சாப்பிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வாந்தியும் வலிப்புமாக விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவு கெட்டுப்போனதல்ல. மாவு வந்த அதே கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டிருந்தது. நம் ஊரில் "பாலிடால்" என்று பெயர் வாங்கியதே, அதேதான். அது ஒழுகி உணவு மூட்டைகளில் இறங்கியிருந்தது. வயலில் தெளித்ததால் வந்த சாவு இல்லை இது. ஏற்றி இறக்கியதில் வந்த சாவு.

அதன்பிறகு நடந்த விசாரணையின் தொடர்ச்சியாகத்தான் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டு விதிகளில், உணவுப்பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் நேரடியாகப் படும்படி பூச்சிக்கொல்லியை ஏற்றவோ வைக்கவோ கூடாது என்று எழுதியிருக்கிறது. உடைந்த பெட்டியிலிருந்து உணவில் கலந்துவிட்டால் அதைச் சோதிக்காமல் வெளியே விடக்கூடாது என்றும் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் ஏற்றுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கலாம். நேற்று அது, இன்று இது என்று ஏற்றும்போது நடுவில் நிற்கிற தார்ப்பாயை யார் பார்ப்பது? அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்ததும் நினைவிருக்கும். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது சோதனையில் தெரிந்தது. எண்ணெயும் இந்த நஞ்சும் சேர்ந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

ஏற்ற மாட்டோம் என்று சொன்ன நாள்

போன தை அறுவடைக்குப் பின் எங்கள் குழு தூயமல்லி அரிசியும் மல்லாட்டைப் பருப்பும் சென்னைக்கு அனுப்பியது. புரோக்கர் மூலம் ஒரு வெளியூர் லாரி வந்தது. ஏற்றுவதற்கு முன் படுதாவை ஏரிக்கரைப் பக்கம் விரிக்கச் சொன்னோம். மூலையில் வெள்ளைத்தூள், நடுவில் கையகலம் பழுப்புக் கறை, கிட்டே போனால் நெடி.

"போன ட்ரிப்பு இன்னா தம்பி ஏத்தினே?"

"உரமும் மருந்துப் பொட்டியும்ணா. ஒரு பொட்டி ஒழுகிச்சு. நல்லா கழுவிட்டேன். கெமிக்கல் தாங்கற படுதாதான்ணா, ஓனரு காசு போட்டு வாங்கினது."

எங்களுக்குள்ளேயே பேச்சு இரண்டாகப் பிரிந்தது. "மூட்டை சாக்குக்குள்ளதானே கீது, மேல போத்தறதுக்கு இன்னா" என்றார் குழுவின் மூத்தவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. லாரியைத் திருப்பினால் வெயிட்டிங் காசு போகும், வாங்குபவர் முகம் சுளிப்பார், அடுத்த லாரி எப்போது வருமோ. நான் மேலே எழுதிய பத்துச் சொட்டுக் கணக்கை அங்கேதான் தரையில் குச்சியால் எழுதினேன். மூத்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, திருப்புப்பா" என்றார். வெயிட்டிங் காசைப் பங்கு போட்டுக் கொடுத்தோம். லோடு ஒரு நாள் தாமதமாகப் போனது.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி லாரிமேல் அதே படுதாவைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவேன் என்றான். அதைக் கேட்டபின் எங்கள் பருப்பைப் பற்றிய கவலை கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும் என்று சொன்னோம். களத்தில் இருந்த கான்வாஸ் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினோம்.

எப்படிச் சோதிப்பது

முதல் சோதனை கேள்விதான். கடைசி மூன்று ட்ரிப்பில் என்ன ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். டிரைவர்கள் பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

அடுத்தது நெடி. காலைக் குளிரில் முகர்ந்தால் தெரியாது. உச்சி வெயிலில் அரை மணி நேரம் மடித்து வைத்துவிட்டு, மடிப்பைப் பிரித்துக் கையால் விசிறிப் பாருங்கள். முகத்தை உள்ளே விட வேண்டாம். பூண்டு மாதிரியோ பெயின்ட் மாதிரியோ நெடி வந்தால் அந்தத் தார்ப்பாய் உணவுக்கு ஆகாது. நெடி வராவிட்டால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நெடியே இல்லாத நஞ்சுகள் பல இருக்கின்றன.

களைக்கொல்லிக்கு ஒரு வீட்டுச் சோதனை உண்டு. சந்தேகப்படும் இடத்தில் ஈரத்துணியால் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு அந்தத் துணியைக் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரில் அலசுங்கள். அந்தத் தண்ணீரில் இருபது பச்சைப்பயறு, வெறும் கிணற்றுத் தண்ணீரில் இருபது பச்சைப்பயறு முளைக்கட்டுங்கள். 2,4-டி போன்ற களைக்கொல்லி இருந்தால் முளை முறுக்கிக்கொண்டு, வேர் குட்டையாகத் தடித்து நிற்கும். இது பூச்சிக்கொல்லியைக் காட்டாது. சோதித்த பயறை மாட்டுக்கும் போடாதீர்கள்.

கழுவுவது பற்றி. உரத்தூள் என்றால் தண்ணீர் போதும். யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்த படுதாவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மூன்று முறை கழுவிய யூரியா சாக்கு, ஒரு முறை பூச்சிக்கொல்லி ஒழுகிய புதுத் தார்ப்பாயைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் சான்றிதழ் ஆய்வுக்கு வருபவர் கண்ணில் உர சாக்கு பட்டால் கேள்வி வரும், வர வேண்டியதும்தான். பூச்சிக்கொல்லி பட்டதைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கழுவலாம். பாஸ்பரஸ் வகை நஞ்சுகள் காரத்தில் சிதையும். மேலே இருப்பது போகும். பிளாஸ்டிக்குக்குள் போனது போகாது. அதனால் கழுவினாலும் உணவுக்கு அதை எடுக்காதீர்கள். கழுவிய தண்ணீரை ஏரியிலோ கிணற்றடியிலோ விடாதீர்கள், எருக்குழியிலும் ஊற்றாதீர்கள்.

சாக்கிலும் ஒரு கண் இருக்கட்டும். சணலை மென்மையாக்க மில்லில் எண்ணெய் தெளிப்பார்கள். அது பெட்ரோலிய எண்ணெயாக இருந்தால் அதுவும் பருப்பில் ஏறும். காபி, கோகோ ஏற்றுமதிக்காரர்கள் தாவர எண்ணெயில் பதப்படுத்திய சாக்கையே கேட்டு வாங்குகிறார்கள். நாமும் கேட்கலாம்.

நம் கரைசல்களும் தார்ப்பாயைக் கெடுக்கும்

நாம் பயன்படுத்துவதெல்லாம் இயற்கைப் பொருள், தார்ப்பாயை ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடக் கூடாது. வெயில் தாங்குவதற்காக பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பொருள்களில் ஒரு வகையைக் கந்தகம் செயலிழக்க வைக்கும். பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: கந்தகம் அதிகம் புழங்கினால் மேல் விரிப்பு சீக்கிரம் நொறுங்கும். கந்தகத்தூள் மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி வெயிலில் உலர்த்தாதீர்கள். கறுப்புத் தார்ப்பாயில் இருக்கும் கரித்தூளே வெயிலை நன்றாகத் தடுக்கும், அதனால் அது கூடுதல் நாள் வரும்.

வேப்பெண்ணெய் பிளாஸ்டிக்குள் ஏறும். நாற்றம் வருடக்கணக்கில் போகாது, அந்த விரிப்பில் அரிசி காயவைத்தால் சோற்றில் தெரியும். மோர்க்கரைசல், மீன் அமிலம் பருத்தித் துணியைச் சீக்கிரம் இத்துப்போக வைக்கும். ஓரத்து ரிங்கைப் பாருங்கள்: அலுமினிய ரிங்கைச் சுண்ணாம்பு அரிக்கும், பித்தளை ரிங்கை மாட்டுக் கோமியத்திலிருந்து வரும் அம்மோனியா வெடிக்க வைக்கும். எருவுக்குப் போர்த்தும் தார்ப்பாயின் ரிங் பட்பட்டென்று விட்டுப்போவது இதனால்தான். எருவுக்கு ரிங் வேண்டாம். ஓரத்தில் கூழாங்கல்லை வைத்துச் சுருக்குப் போட்டுக் கட்டினால் போதும்.

எங்கள் குழுவில் இப்போது விளைச்சலுக்கு மட்டும் ஆறு தார்ப்பாய் தனியாக வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் ஒரு நெல்கதிர் வரைந்திருக்கும், எழுத்து தெரியாதவருக்கும் புரியும். லாரி வந்தால் மூட்டைமேல் முதலில் நம் கான்வாஸ், அதன்மேல் நம் தார்ப்பாய், அதற்குமேல் லாரிக்காரர் படுதா. கீழே பலகையிலும் அதேபோல் ஒன்று விரிக்க வேண்டும். ஒழுகியது எதுவும் கடைசியில் பலகை இடுக்கில்தான் நிற்கும். மல்லாட்டை ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பிளாஸ்டிக்கை நேராகப் போர்த்தாதீர்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் வரும், அது எந்தப் பூச்சிக்கொல்லிக்கும் குறைந்த நஞ்சு இல்லை.

கறை பட்டுக் கழித்த தார்ப்பாயில் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி போட்டு, வேறு கொட்டகையில் வைக்கிறோம். மண்புழுப் படுக்கைக்கும் மாட்டுத் தொட்டிக்கும் அது போகக் கூடாது. பழைய இரும்புக்கும் மோட்டார் ஷெட் கூரைக்கும் போகலாம். கேட்டு வருபவருக்கு இரவல் கொடுப்பதும் இல்லை. அவர் எதைக் காயவைப்பார் என்று நமக்குத் தெரியாது.